ஒரே கொடியில் காய்ந்த துணிகள்

அருள்,

தாளின் உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீயும் ஸ்டெல்லாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராயபுரம் வந்தீர்கள். எண்ணூரில் நீ வேலை பார்க்கிற ஆலையிலேயே குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள், சாவிகூடக் கைக்கு வந்துவிட்டது, தண்டையார்பேட்டை ஒண்டுக்குடித்தனத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த மாதம் அங்கே போகிறோம் என்று சொன்னாய். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், வரிசையில் நிற்க வேண்டாத கக்கூஸ், தலைக்கு மேல் மின்விசிறி என்று அடுக்கிக்கொண்டே போனாய். ஸ்டெல்லா அதற்குள் ஜன்னலுக்குத் திரைத்துணி எடுத்துத் தைக்கவும் கொடுத்துவிட்டாளாம். "இன்னாம்மா, நீ ஒன்னியும் சொல்லாம கீற?" என்று கேட்டாய். "கொழம்பு ஆறிடும், மொதல்ல துன்னு" என்று சொல்லிவிட்டேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு இன்றைக்காவது என்னிடம் பதில் இருக்கிறதா என்பது எழுதி முடித்தால்தான் தெரியும்.

மருமகள் வசதியான வீட்டுக்குப் போகிறாளே என்று மாமியாருக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொள்ளாதே. தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுச் சண்டை போட்டே என் வயது போயிற்று. வீட்டுக்குள் குழாய் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் உன் அப்பாவை விட்டுவிட்டுக்கூட நான் கிளம்பியிருப்பேன். என் பயம் எல்லாம் பிள்ளையைப் பற்றி. அவனுக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை. என் மடியில் தூங்கும்போது மார்பில் கை வைத்துப் பார்த்தேன், உள்ளே பூனை உறுமுவதுபோல ஒரு சத்தம். "சளி அத்தே, சரியாப் போய்டும்" என்றாள் ஸ்டெல்லா. சரியாகப் போய்விடலாம். ஆனால் நீ குடிபோகிற வீட்டுக்குப் பின்னாலேயே ஆலையின் புகைபோக்கி நிற்கிறது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவன் அங்கே தூங்கலாமா, கூடாதா? கூடாது என்று சொன்னால் நீ காரணம் கேட்பாய். என்னிடம் இருப்பது காரணமா, வெறும் சந்தேகமா, வயதாகிப்போன ஒருத்தியின் பிரமையா என்று எனக்கே பிடிபடவில்லை. அதனால் நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் புரியாத இடத்தில் புரியவில்லை என்றே எழுதுகிறேன்.

நம் வீட்டுக்குக் கோயில் துணிகள் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். கன்னியர் மடத்துப் பள்ளியில் நான் எட்டாவது வரை படித்தபோது அங்கே துவைக்கவும் நீலம் போடவும் கஞ்சி போடவும் பழக்கியிருந்தார்கள். கல்யாணமாகி ராயபுரம் வந்ததும் பங்குச் சாமியார், பூசை மேசைமேல் விரிக்கிற வெள்ளைப் பீடத்துணிகளை வெளுத்துத் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அவை வாரா வாரம் வரும். அவற்றோடு ஒரு கறுப்புத் துணியும் வந்து சேர்ந்தது. இறந்தவர்களின் பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்ததும் மேலே போர்த்துவார்களே, நடுவில் சரிகைச் சிலுவை தைத்தது, அந்தத் துணி. அதைக் கோயில் அலமாரியில் பீடத்துணிகளோடு சேர்த்து வைக்க நம் ஜனங்களுக்கு மனசு வராது. தீட்டு என்பதெல்லாம் கிடையாது என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, வீட்டு வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போகிறவர்கள்தானே நாம். அதனால் ஒவ்வொரு அடக்கத்துக்குப் பிறகும் கறுப்பு நம் வீட்டுக்கு வரும், அலசிக் காயவைத்துத் தகரப் பெட்டியில் வைப்பேன், அடுத்த சாவுக்கு அங்கிருந்து போகும். சின்னக் குழந்தை போய்விட்டால் மட்டும் கறுப்பு கிடையாது. பாவம் அறியாத உயிர் என்று வெள்ளைதான் போர்த்துவார்கள். நீ அந்தத் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தாய். உள்ளே என்ன இருக்கிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கோயிலைக் கூட்டி, மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிற கோயில்பிள்ளை சவரிமுத்துதான் துணிகளைக் கொண்டுவருவார், வாங்கிப்போவார். ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளை வேண்டுமென்றால் தெருவில் நின்றபடியே சைக்கிள் மணியை அடிப்பார். கறுப்பு வேண்டுமென்றால் மணி அடிக்கமாட்டார். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கதவருகே வந்து, "யக்கா, கறுப்பக் குடு" என்பார். "யாருக்கு?" என்று நான் கேட்பேன். பெயரைச் சொல்வார். சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறப்பேன். பல வருடங்களாக எங்கள் இருவருக்கும் பேச்சு அவ்வளவுதான்.

இனிப் புகைக்கு வருகிறேன். நம் மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகத்துக் கரி மேடு, இன்னொரு பக்கம் ரயில்வே யார்டில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும் கரி எஞ்சின்கள், வடக்கே திருவொற்றியூர் வரைக்கும் வரிசையாக ஆலைகள். கீழே நம் எல்லார் வீட்டு விறகடுப்பும் இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும். இது இன்னாருடைய புகை என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. காற்று அடிக்கிற நாட்களில் எல்லாம் எங்கேயோ போய்விடும். மார்கழி, தை மாதங்களில் சில நாள் காற்றே இருக்காது. பனி இறங்கும், புகை மேலே போகாமல் அதோடு சேர்ந்து தெருவிலேயே உட்கார்ந்துகொள்ளும். மாடியிலிருந்து பார்த்தால் கோயில் உச்சியின் சிலுவை தெரியும், அதற்குக் கீழே கோயில் இருக்காது. முந்தின மாலை காயப்போட்ட பீடத்துணி காலையில் சாம்பல் பூத்துக் கிடக்கும். அதை அப்படியே தண்ணீரில் போட்டால் கெட்டது. கரி இழுவிக்கொண்டு கோடு கோடாக ஏறிவிடும், எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாது. இரண்டு பேர் முனைகளைப் பிடித்து நன்றாக உதறிவிட்டுத்தான் நனைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகுமுன் எத்தனையோ காலையில் உன்னை மறுமுனை பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறேன். "கலீஜ் துணி" என்று ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் பிடிப்பாய், பாதித் துணி தரையில் புரளும், உன் முதுகில் ஒன்று விழும்.

அழுக்கான வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தே வருகின்றன என்பது எப்போது என் புத்தியில் ஏறியது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. திடீரென்று ஒருநாள் தெரிந்த விஷயம் இல்லை அது. வெள்ளை அழுக்காகிக் கிடக்கிற காலையில், அன்றைக்கோ மறுநாளோ, சவரிமுத்து மணி அடிக்காமல் வந்து கதவருகே நிற்பார். ஒருமுறை அல்ல, பல முறை. போகப் போகத் துணியை உதறும்போதே காது வாசலுக்குப் போய்விடும். சில சமயம் ஒரு சாவுக்குப் போன கறுப்பு காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும், ஈரத்தோடேயே அள்ளிக் கொடுப்பேன். எல்லாரும் நம் பங்கைச் சேர்ந்தவர்கள்தான், மற்றவர்கள் வீட்டுக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த நாட்களில் கல்லறைச் சாலையில் மேளச் சத்தமும் கூடுதலாகத்தான் கேட்டது. இல்லை, நான் காது கொடுத்ததால் கூடுதலாகக் கேட்டதோ என்னவோ.

பக்கத்து வீட்டு ரெஜினாக்காவிடம் சொன்னேன். ஊர் வம்பெல்லாம் தெரிந்தவள், ஒரு வழி சொல்லுவாள் என்று நினைத்தேன். மாடிக்கு வந்து கொடியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ந்தா, நீ பீடத்துத் துணியும் பொணத்துத் துணியும் ஒரே கொடில காயப் போட்டுகினு கீறியே. ரெண்டும் ஒன்னா காஞ்சா சாவு வராம இன்னா பண்ணும்?" என்றாள். அன்றைக்கே பின்கட்டில் ஆணி அடித்துக் கறுப்புக்குத் தனிக் கொடி கட்டினேன், தனி வாளி வைத்தேன். நீ நம்பமாட்டாய், அன்று சாயங்காலமே கடலிலிருந்து காற்று எழுந்தது. வெள்ளை பளிச்சென்று இருந்தது, சவரிமுத்து அந்த வாரம் முழுக்க சைக்கிள் மணியை மட்டும்தான் அடித்தார். ரெஜினாக்கா தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் காற்று நின்றது, பனி இறங்கியது, கறுப்புக்கு மறுபடி வேலை வந்துவிட்டது. "ஒரே சவுக்காரம் போடுறியா?" என்றாள். அதையும் மாற்றினேன். அப்புறம், "தொவைக்கிற கை ஒன்னுதானே" என்றாள். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "கையக் கயட்டி வச்சிட்டு வேற கை மாட்டிக்கோமே" என்று சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன், ஆனால் இரண்டு கொடிகளையும் இன்றைக்கு வரை அவிழ்க்கவில்லை.

சாமியாரிடமும் போனேன். அவர் தெற்கத்திக்காரர், அதட்டிப் பேசமாட்டார். முழுக்கக் கேட்டார். "பனிக்காலத்துல வயசானவங்க போறது எல்லா ஊரிலயும் உண்டும்மா. எங்க ஊர்ல ஆலையே கிடையாது, அங்கயும் மார்கழியிலதான் குழி வெட்டறவனுக்கு ஓய்வில்ல. குளிரும் பனியும் ஒண்ணா வருது, அதோட புகையும் வருது. நீங்க புகையை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். வாந்திபேதி வந்த ஒரு கோடையும் நினைவுக்கு வந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்த நாட்கள் அவை, வெள்ளையில் ஒரு பொட்டுக் கரி இல்லை, கறுப்போ ஒரு பொழுதுகூடப் பெட்டியில் தங்கவில்லை. சாவுக்கு ஆயிரம் வாசல் இருக்கும்போது நான் ஒரு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த மார்கழியில் குளிர் கடுமையாக இருந்தும் காற்று அடித்த நாட்கள் சில வந்தன. அன்றைக்கெல்லாம் சவரிமுத்து வரவில்லை. சாமியாரிடம் திரும்பப் போய் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

உன் அப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. துறைமுகத்தில் கப்பல் கப்பலாகக் கரி இறக்கிய மனிதர், புகையைப் பார்த்தால் அவருக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. "பொக வந்துகினு கீதுன்னா வேல கீதுன்னு அர்த்தம். அது நின்னா நம்ம வூட்டு அடுப்பும் நின்னுடும், அத்தத் தெரிஞ்சிக்கோ" என்பார். அவர் சொன்னதும் பொய் இல்லை. ஒரு வேலைநிறுத்தத்தின்போது யார்டும் கரி மேடும் பல நாள் சும்மா கிடந்தன, உனக்கு நினைவிருக்கும். நீ பசியில் அழுது என்னை அடித்தாய். நான் கஞ்சித் தண்ணீரை உனக்கு ஊற்றிவிட்டு, துணிக்குப் போட மீதி இல்லாமல் பீடத்துணியைக் கஞ்சி போடாமலே அனுப்பினேன். அந்த நாட்களில் துணி அவ்வளவு வெள்ளையாக இருந்தது, நீலமே போட வேண்டியிருக்கவில்லை. சவரிமுத்து கறுப்பைக் கேட்டு வந்த நினைவும் எனக்கு இல்லை. வந்திருக்கலாம், பசி மயக்கத்தில் என் கவனத்தில் பதியாமல் போயிருக்கலாம். புகை நின்றால் நாம் சாப்பிட முடியாது, புகை வந்தால் யாரோ ஒருவர் போகிறார் என்றால் இதில் எதற்காக ஜெபிப்பது? இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன், தலைவலிதான் மிச்சம்.

உன் அப்பா போய்ச்சேர்ந்த நாட்களைப் பற்றி உன்னிடம் நான் சரியாகப் பேசியதே இல்லை. நீ தொழிற்பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாய். அன்று காலை வெள்ளை மிக மோசமாகக் கிடந்தது. மறுமுனை பிடிக்க ஆள் இல்லாததால் உன் அப்பாவைக் கூப்பிட்டேன். இரண்டு உதறு உதறினார், மூச்சு வாங்கிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "இன்னாமே, ஒரு துணியத் தூக்கி ஒதறக்கூட சத்து இல்லாமப் பூடுச்சு" என்று சிரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடியில் நின்றபடி தெருவைப் பார்த்தேன். இன்றைக்கு யாராக இருக்கும் என்று ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். எதிர்வீட்டு இருமல்காரக் கிழவரா, ரெஜினாக்காவின் மாமியாரா என்று மனசு அலைந்தது. பக்கத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் சவரிமுத்து வந்தார். "யாருக்கு?" என்றேன். ரெஜினாக்காவின் மாமியார் என்றார். எனக்கு, கடவுள் மன்னிக்கட்டும், ஒரு ஆறுதல்தான் வந்தது. அன்றைய சாவு வந்துவிட்டது, இனி பயமில்லை என்பதுபோல.

அடக்கம் முடிந்து கறுப்பு வந்தது. அலசிப் பின்கட்டில் போட்டேன். பனியில் காயவே இல்லை. மறுநாள் விடிந்து உன் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனேன், எழுப்பினேன், எழவில்லை. சவரிமுத்துவுக்கு நான்தான் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. வந்து கதவருகே நின்றார், எப்போதும்போல. எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கொடியிலிருந்து துணியை அவரே எடுத்துக்கொண்டார். நீ வந்து சேர்ந்து பெட்டியைத் தொட்டதும், "இன்னாம்மா, ஈரமா கீது?" என்று கேட்டாய். தீர்த்தம் தெளித்தது என்று சொன்னேன். அது தீர்த்தம் இல்லை அருள், காயாத துணி. இத்தனை நாளும் இதை உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். ஏன் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உன் சித்தப்பா பீடி என்றார், டாக்டர் இதயம் என்றார், ரெஜினாக்கா கண் திருஷ்டி என்றாள், சாமியார் இறைவன் அழைப்பு என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பீடி குடித்தார்தான். கரியை மூட்டை மூட்டையாக மூக்கில் இழுத்தார்தான். குளிர்தான். புகையும் இருந்தது. ஒரு கயிறு பல பிரிகளாலானது, எந்தப் பிரி அறுந்ததால் கயிறு அறுந்தது என்று கேட்டால் யார் சொல்வது? ஒன்று மட்டும் என்னை விடவில்லை. அந்தப் பீடியும் அந்தக் கரியும் அதே நெஞ்சும் முந்தின வாரமும் இருந்தன. அன்று அழைத்த ஆண்டவர் முந்தின வாரமே அழைத்திருக்கலாமே, ஏன் துணி அழுக்கான நாளைத் தேர்ந்தெடுத்தார்? எனக்கு அழுகை வருவதைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், அது ஒரு பொல்லாத வியாதி.

சரி, இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. புதன்கிழமை பஸ் ஏறி எண்ணூர் போய் உன் குவார்ட்டர்ஸை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் முதல் பலன். உன் வீட்டு வரிசையில் ஒரு கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கிட்டப்போய்த் தொட்டுப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது அருள், நம் மாடியில் அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்து எத்தனையோ காலம். காத்திவாக்கத்திலிருந்து இறால் விற்க வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா, யார் வூட்டுத் துணிய நோண்டிகினு கீற?" என்று மல்லுக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "அம்மாம் ஒசரத்துல பொகைய வுட்டா இங்க எப்புடி வுழும்? அது தலைக்கு மேல பூட்டு, உங்க ராயபொரத்துலதான் வுழும்" என்றாள். பிறகு சற்று யோசித்து, "காத்து இல்லாங்காட்டி இங்கயே நின்னுடும். அன்னிக்குக் கண்ணு எரியும், பேஜாரு" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் கிளம்பும்போது ஒரு குழப்பத்தோடு போனேன், வரும்போது இரண்டோடு வந்தேன். புகைபோக்கியின் காலடியில் வேண்டாம் என்று சொல்லப் போன எனக்கு, பிள்ளை அங்கே இருப்பதே நல்லதோ, கெட்ட காற்று என் வீட்டில்தான் இருக்கிறதோ என்று ஆகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாக ஒவ்வொரு தெருக் கொடியையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் துணியை யாரோ திருடிவிட்டதாக நினைத்தாள்போலும், பாவமாகப் பார்த்தாள்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் செய்ய முடியும் என்று முடிவு செய்தேன். நைந்துபோன ஒரு பீடத்துணி இருந்தது. அப்படிப்பட்டதை எரித்துச் சாம்பலைக் கோயில் மண்ணில் புதைக்க வேண்டும் என்பது முறை. சாமியாரிடம் போய், பேரனுக்காக வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தார், என் முகத்தில் எதைப் பார்த்தாரோ. அதை இரண்டாகக் கிழித்து, ஒரே வாளியில் ஒரே நீலம் போட்டு அலசினேன். ஒரு பாதி இந்தக் கடிதத்தோடு வருகிறது. இன்னொரு பாதி என்னிடம் இருக்கிறது. சாவி உன் கையில் இருக்கிறதல்லவா, சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் உன் பாதியைக் குவார்ட்டர்ஸின் பின்புறம் கட்டு. சமையல் புகை படாத இடமாகப் பார்த்துக் கட்டு. ஞாயிறு காலையில் எடு. நனைக்காதே, உதறாதே, உள்பக்கமாக மடித்து அப்படியே பூசைக்குக் கொண்டுவா. நானும் இங்கே அதே சனிக்கிழமை கட்டுவேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு நாள் துணியை நம்பாதே, ரெஜினாக்கா ஒரு நாள் காற்றை நம்பித்தான் ஊரெல்லாம் பெருமையடித்தாள். நீ குடிபோகும் நாள் வரை எல்லா சனிக்கிழமையும் கட்டு. முக்கியமாகக் காற்று இல்லாத நாள் ஒன்றாவது அதில் வர வேண்டும்.

உன் துணி வெள்ளையாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்து ஸ்டெல்லாவின் திரைத்துணியை நானே மாட்டிக் கொடுக்கிறேன். என் துணி வெள்ளையாக இருந்தால் பனி முடியும் வரை பிள்ளையும் அவளும் இங்கே இருக்கட்டும், நீ இங்கிருந்து வேலைக்குப் போ. இரண்டும் ஒரே மாதிரி அழுக்காக இருந்தால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். தெரியவில்லை அருள். நம்மைப்போன்றவர்கள் வேலை இருக்கிற இடத்தில்தான் இருக்க முடியும், மூச்சு இருக்கிற இடத்தைத் தேடிப் போக முடியாது. அப்படி வந்தால் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து யோசிப்போம். இந்தத் தடவை மூக்கைப் பொத்திக்கொள்ளாதே.

கயிறு தாங்குகிறதா, காற்றில் பறந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்க்க நேற்று மாலை என் பாதியை மாடியில் ஒருமுறை கட்டிப் பார்த்தேன். கீழே சவரிமுத்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், அண்ணாந்து பார்த்தவர் நின்றுவிட்டார். இது வெள்ளை கட்டுகிற நாள் இல்லை என்று அவருக்குத் தெரியும். குழந்தைப் பெட்டிக்குப் போர்த்துகிற அளவுக்குச் சின்னத் துணி என்பதும் கண்ணில் பட்டிருக்கும். மணி அடிக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகக் கதவருகே வந்து நின்றார்.

"யக்கா," என்றார், "வெள்ளை யாருக்கு?"

நான் அவரிடம் இத்தனை வருடமாகக் கேட்ட கேள்வி. பேரனுக்கு என்று சொன்னால் முடிந்தது, உண்மையும் அதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு அந்தக் கதவில் நின்று அவர் சொன்ன பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியும். "யாருக்கும் இல்ல சவரி, சும்மாதான் காயுது, நீ போ" என்றேன். அவர் போன பிறகு மாடிக்கு ஏறிப்போய் அதை அவிழ்த்து மடித்து, தகரப் பெட்டியில் வைக்காமல், என் தலையணைக்கடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் துணியைக் கொண்டுவா. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா.

அம்மா